ஒன்பது நிமிடத் தண்ணீர்

மெய்க்கலைப்பட வாரியத்தின் மீது எனக்குத் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. அதில் நான் பதினெட்டு மாதம் தற்காலிக எழுத்தராக இருந்தவன். கமிட்டி கூடும்போது யார் என்ன பேசினார்கள், யார் எத்தனை மணிக்குத் தூங்கினார்கள் என்று குறிப்பெடுப்பது என் வேலை. இரண்டாவதில்தான் வேலை அதிகம்.

எல்லாப் படங்களிலும் பாட்டும் சண்டையும் வந்து மக்கள் சந்தோஷமாக இருக்கிறார்களே என்று வருத்தப்பட்ட சில பெரிய மனிதர்கள் கூடி அந்த வாரியத்தை உண்டாக்கினார்கள். அதற்கு ஒரு கையேடு உண்டு. அதில் நாற்பத்தோரு விதிகள். ஐந்தாம் விதி: ஒரு காட்சி மூன்று நிமிடத்துக்குக் குறைந்தால் அது வியாபாரப் படம். ஒன்பதாம் விதி: காட்சியில் எதுவும் நடக்கக் கூடாது, நடந்தே தீரும் என்றால் கேமராவில் படாத இடத்தில் நடக்க வேண்டும். பன்னிரண்டாம் விதி: குழந்தைகள் சிரிக்கலாகாது.

1974ஆம் வருஷம், தந்தை மகள் பாசத்தைப் பற்றி ஒரு படம் எடுப்பதென்று வாரியம் தீர்மானித்தது. டைரக்டர் கிருபாநிதி சாத்தான்குளத்துத் தலைமையாசிரியர் ஒருவரின் மகன். ஐரோப்பாவில் இரண்டு வருஷம் இருந்து படம் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே குளிருக்குச் சுற்றிய கம்பளித் துண்டைத் தூத்துக்குடி வெயிலிலும் கழுத்தை விட்டு எடுக்க மாட்டார். படத்துக்கு அவர் வைத்த பெயர் ‘தந்தை, மகள், நீர்’. ஒவ்வொரு காற்புள்ளிக்கும் ஐந்து விநாடி நிறுத்திச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்தது.

தந்தையாக நடிக்கக் கிடைத்தவர் ஹென்றி. தூத்துக்குடிக் கடலில் சங்கு குளிக்கிறவர். மகளாக நடித்தது அவருடைய சொந்த மகள் பிளாரன்ஸ். பதினோரு வயது. தாய் இல்லாத பிள்ளை. சினிமாவில் வரப்போகிறோம் என்று அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அதனால்தான் ஹென்றி ஒப்புக்கொண்டார். அவருக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. அதன் முகப்பில் சிவப்பு மையால் ‘பிளாரன்ஸ்’ என்று எழுதியிருந்தார்.

முதல் நாள் படப்பிடிப்பிலேயே சங்கடம் வந்தது.

“ஹென்றி, நீங்கள் மகளைப் பார்க்க வேண்டும். ஆனால் பாசத்தோடு பார்க்கக் கூடாது” என்றார் கிருபாநிதி.

“பொறவு எப்படிங்கய்யா பாக்க?”

“வரலாற்றோடு பாருங்கள்.”

ஹென்றி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அங்கே வரலாறு வந்து சேரவில்லை. தனக்குத் தெரிந்த மாதிரி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பார்த்தார்.

“அப்பா, வயித்த வலிக்கா?” என்று பிளாரன்ஸ் கேட்டுவிட்டுச் சிரித்தாள். பன்னிரண்டாம் விதி போயிற்று. பதினெட்டு முறை எடுத்தும் சிரித்தாள். கடைசியில் அவளைத் திருப்பி உட்கார வைத்து, பின்னந்தலையை மட்டும் பதினான்கு நிமிடம் எடுத்தார்கள். பின்னாளில் ஒரு பத்திரிகை அந்தக் காட்சியை ‘முகம் மறுக்கப்பட்ட தலைமுறை’ என்று புகழ்ந்தது. அந்தத் தலைமுறை அப்போது பொரிகடலை தின்றுகொண்டிருந்தது.

அடுத்து, தந்தை கடலில் மூழ்கும் காட்சி. இதைச் சொல்லும் முன் இந்தக் கரையின் தொழில்முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மூழ்குகிறவர் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனையை வள்ளத்தில் இருந்து பிடிக்கிறவர் பெரும்பாலும் மச்சானாக இருப்பார். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் அல்லவா? ஹென்றிக்குக் கயிறு பிடித்தவர் மனைவியின் அண்ணன் ரோச். தங்கை செத்துப்போன பிறகும் அவர் கயிற்றை விடவில்லை. ஹென்றி மூழ்கியதும் ரோச்சும் மேலே தன் மூச்சை அடக்கிக்கொள்வார். தனக்கு முட்டும்போது கீழே இருப்பவனுக்கும் முட்டும் என்று கணக்கு. உடனே இழுப்பார். கடிகாரம் கிடையாது. இருபது வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

கிருபாநிதிக்கு ஹென்றி மூழ்கிய பிறகு ஒன்பது நிமிடம் வெறும் தண்ணீர் வேண்டும். ஹென்றி ஒரு நிமிடத்தில் வள்ளத்தின் மறுபக்கம் ஏறி, கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி குடித்தார். மீதி எட்டு நிமிடம் தண்ணீரை எடுத்தார்கள். பிறகு ஹென்றி மறுபடி இறங்கி, அப்போதுதான் வருகிறவர் போல மேலே வந்தார். அதோடு படம் முடிந்தது என்று அவர் நினைத்தார்.

மறுநாள் வாரியத்து ஆட்கள் வந்து படத்தில் வந்த பொருள்களுக்குப் பட்டியல் போட்டார்கள். வள்ளம், பொருள் எண் 14. கயிறு, எண் 15. சிறுமி, பின்னந்தலை மட்டும், எண் 16. மூன்றையும் உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றில் வைத்து அரக்கு முத்திரை போட வேண்டும் என்றார்கள். ஹென்றி காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பதினாறாம் எண்ணை மட்டும் ஜாமீனில் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மற்ற இரண்டும் கிட்டங்கிக்குப் போயின. கமிட்டி முழுப் படத்தையும் பார்த்து, ‘முழுமையாகப் பார்க்கப்பட்டது’ என்று சான்று எழுதினால்தான் திரும்பக் கிடைக்கும்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். பதினேழாம் விதிதான் கஷ்டம். படம் ஓடும்போது கமிட்டியில் ஒருவர் தூங்கினாலும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். சென்னையில் ஏழு முறை ஓட்டினார்கள். இருபத்திரண்டாம் நிமிடத்தைத் தாண்டிய மனிதர் யாரும் இல்லை.

கார்த்திகை போய் மார்கழி வந்தது. சங்கு குளிக்கும் காலம் தொடங்கி, மற்ற வள்ளங்கள் எல்லாம் கடலுக்குப் போயின. ஹென்றி வாரியத் தலைவர் காசிலிங்கத்தைத் தேடிச் சென்னைக்கே வந்துவிட்டார்.

“ஐயா, வள்ளம் இல்லன்னா தோணியில ஆளாப் போகணும். மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திப் போற தோணி. எட்டு மாசம் ஆவும் திரும்பி வர. பிள்ளைய கன்னியர் மடத்து போர்டிங்ல விடணும். எப்பிடியாவது சீக்கிரம் படத்த பாத்துருங்கய்யா.”

“பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்!” என்றார் காசிலிங்கம். “உங்கள் படத்தை நான் மட்டும் ஏழு முறை பார்த்திருக்கிறேன். ஆரம்பம் பிரமாதம்.”

தந்தை மகள் பாசத்தைச் சொல்லும் படத்துக்காக ஒரு தந்தையையும் மகளையும் பிரிப்பது நன்றாகவா இருக்கிறது என்று நான் தலைவரிடம் மெல்லக் கேட்டேன்.

“நல்ல கருத்து. அடுத்த படத்துக்கு வைத்துக்கொள்வோம்” என்றார்.

ஆனாலும் அவர் மனம் கொஞ்சம் இளகியது. படம் பிறந்த மண்ணில் பார்த்தால் தூக்கம் வராதென்று தீர்மானம் போட்டு, கமிட்டி நால்வரும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே உப்புக் கிட்டங்கியில் திரையிடல். மறுநாள் திங்கட்கிழமை தோணி புறப்படுகிறது. ஹென்றி அதில் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பிளாரன்ஸின் தகரப்பெட்டி போர்டிங்குக்குத் தயாராகிக் கட்டிலடியில் இருந்தது. அவள் இரண்டு முறை அதிலிருந்து உடுப்புகளை எடுத்துக் கொடியில் போட்டாள். இரண்டு முறையும் ஹென்றி மறுபடி அடுக்கினார்.

சங்கு குளிக்கிறவர்கள் குடும்பத்தோடு வந்து உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் அரக்கு முத்திரையோடு வள்ளம் இருந்தது. பிளாரன்ஸ் போய் அதைத் தொட்டாள். “பொருளைத் தொடாதே” என்று ஒரு ஊழியர் சொன்னார். அவளும் ஒரு பொருள் என்பது அவருக்குத் தெரியாது.

காசிலிங்கம் தொடக்க உரை ஆற்றினார். “அன்பர்களே, நான் இதுவரை தொண்ணூறு கலைப்படங்களை ஆதரித்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன் என்று சிலர் குறை சொல்கிறார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் யாரால் ஆதரிக்க முடியும்? மக்களுக்குப் புரியும் படம் மக்களோடு போய்விடும். புரியாத படம் எங்களோடு இருக்கும். எங்களுக்கும் துணை வேண்டாமா?”

எல்லோரும் கைதட்டினார்கள். கலைப்படத்துக்குக் கைதட்டக் கூடாது, பெருமூச்சுதான் விட வேண்டும் என்று கிருபாநிதி திருத்தினார். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, சென்னையிலிருந்து கொண்டுவந்த திரைக்கயிறு அறுந்தது. மாற்றுக்கயிறு கிட்டங்கியில் ஒன்றுதான் இருந்தது, பொருள் எண் 15. மூன்று படிவம் எழுதி முத்திரையை உடைத்து, அதில் திரையை மூங்கிலோடு கட்டி உத்திரத்தில் போட்டார்கள். கடற்காற்றில் திரை நழுவிக்கொண்டே இருந்தது. யாராவது கயிற்றைப் பிடித்தால்தான் நிற்கும்.

“அது என் கயிறுல்லா? நான் பிடிக்கேன்” என்று ரோச் வந்து நின்றார். குறிப்பேட்டில் அவரைத் ‘திரை தாங்குநர்’ என்று எழுதினேன்.

படம் ஓடியது. தந்தை கயிறு திரித்தார். காக்கா ஒன்று வந்தது. தந்தை காக்காவைப் பார்த்தார். காக்கா போய்விட்டது. தந்தை அது இருந்த இடத்தைப் பார்த்தார். பதினோராம் நிமிடத்தில் கமிட்டியில் ஒருவர் தலை சாய்ந்தது. முதலிலிருந்து ஓட்டினார்கள். காக்கா மறுபடி வந்தது.

இப்படியே விட்டால் விடிந்தாலும் ஆகாது என்று ஊர்ப் பெண்கள் காரியத்தில் இறங்கினார்கள். உடன்குடிக் கருப்பட்டி போட்டுச் சுக்குக் காப்பி அடுக்கடுக்காக வந்தது. கமிட்டிக்காரர்கள் வாயில் ஆத்தூர் வெற்றிலையை மடித்து மடித்துத் திணித்தார்கள். நாற்காலிகளுக்குக் கீழே ஒரு கூடைக் கருவாட்டைத் தள்ளிவிட்டார்கள். என் குறிப்பேடு சொல்வது: ‘12.10, தலைவர் தூக்கம். 12.11, சுக்குக் காப்பி. 12.12, தலைவர் ஐயோ என்றார்.’

மூன்றாம் முறை நால்வரும் விழிகள் சிவக்க முப்பத்தெட்டாம் நிமிடம் வரை வந்துவிட்டார்கள். சரித்திரத்தில் இல்லாத சாதனை. அப்போது திரையில் ஹென்றி மூழ்கினார். ஒன்பது நிமிடத் தண்ணீர் ஆரம்பமாயிற்று.

கிட்டங்கியில் சட்டென்று ஒரு அமைதி. கிருபாநிதி மகிழ்ந்து போய், “பார்த்தீர்களா, கலை பேசுகிறது” என்று என் காதில் சொன்னார். எனக்குத்தான் விஷயம் புரிந்தது. உப்பு மூட்டைகளின் மேல் இருந்த அத்தனை பேரும் பழக்கத்தில் மூச்சை அடக்கியிருந்தார்கள். கன்னங்கள் உப்பியிருந்தன. கயிறு கையில், கண் தண்ணீரில் என்று நின்ற ரோச்சின் முகம் இறுகிவிட்டது.

அரை நிமிடம் போனது. ஒரு நிமிடம் போனது. தண்ணீர் மட்டும் தளும்பியது. ஒன்றேகால் நிமிடத்தில் ஒரு பெரியவர் பொங்கிவிட்டார்.

“ஏலே, நேரம் ஆயிட்டு! இழுங்கலே!”

“ஐயோ மாதாவே, ஆள் இன்னும் வரலியே!”

“பாவி மக்கா, அங்கன படம் பிடிக்கிற பெட்டிய வச்சிக்கிட்டு எவன்லே சும்மா நிக்கான்?”

ஒரு பெண் மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஹென்றி எழுந்து, “ஏ, நான் இங்கன இருக்கேன்! அங்கன பீடி குடிச்சிக்கிட்டு இருக்கேன், ஒண்ணும் ஆவல!” என்று கத்தினார். “நீ சும்மா இருலே, அங்க ஒரு மனுசன் சாகக் கிடக்கான்!” என்று அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

பக்கத்தில் பிளாரன்ஸ் அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஆனால் கண் திரையில்தான். மூச்சடக்கி முகம் சிவந்து போயிருந்தது. “அப்பா, நீ மேல வாப்பா” என்று திரையைப் பார்த்து வீறிட்டாள். அதைக் கேட்டு நான் பேனாவைக் கீழே வைத்தேன். எழுத்தர் அழக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. அழுதேன்.

கமிட்டி நால்வரும் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். “இழுங்கள்! யாராவது இழுத்துத் தொலையுங்கள்!” என்று காசிலிங்கம் அலறினார்.

இரண்டாம் நிமிடம். அதற்குமேல் ரோச்சுக்குத் தாங்கவில்லை. “மச்சான்!” என்று ஒரே சத்தம். இருபது வருஷமாகச் செய்ததைச் செய்தார். இரண்டு கையாலும் கயிற்றைச் சுண்டி இழுத்தார்.

திரை மூங்கிலோடு பெயர்ந்து, பொத்தென்று கமிட்டியின் தலையில் விழுந்தது.

ஒளி எங்கோ கூரையில் போய் அடித்தது. துணிக்கு அடியிலிருந்து நால்வரையும் உருவி எடுத்தோம். கிருபாநிதி கம்பளித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். படம் பாதியில் நின்றுவிட்டது. சான்று கிடையாது, வள்ளம் கிடையாது, நாளைக்குத் தோணி என்று ஹென்றிக்குப் புரிந்துவிட்டது. அவர் மகளின் தலையைத் தடவினார்.

காசிலிங்கம் எழுந்து நின்றார். கண்ணில் நீர் வழிந்தது.

“நான் ஆதரித்த தொண்ணூறு படங்களில் எதிலும் ஏதாவது நடந்ததாக எனக்கு நினைவில்லை. இன்று நடந்துவிட்டது. அது ஒன்பதாம் விதிக்கு விரோதம். ஆனால் நால்வரில் ஒருவர்கூடத் தூங்கவில்லை. திரை இருந்தவரை பார்த்தோம். திரை இல்லாதபோது படம் ஏது? ஆகவே படம் முழுமையாகப் பார்க்கப்பட்டது!”

கருவாட்டு வாடையிலிருந்து தப்பி மாலை ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்த மற்ற மூவரும் உடனே ஆமோதித்தார்கள். கிருபாநிதி துண்டை விலக்கினார். “திரை விழுவதுதான் முடிவு. நான் மனதில் வைத்திருந்தது அதுதான்” என்றார்.

நான் சான்று எழுத உட்கார்ந்தேன். தலைவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘தந்தை நீரில் மூழ்கினார். திரை இருந்தவரை மேலே வரவில்லை. ஆகவே தந்தை காலமானார்.’

“ஐயா, நான் இங்கன நிக்கேனே?” என்றார் ஹென்றி.

“அது உங்கள் சொந்த விஷயம். வாரியம் அதில் தலையிடாது.”

“அப்ப என் வள்ளம்?”

“காலமானவரிடம் எப்படி ஒப்படைப்பது? வாரிசிடம்தான் கொடுக்க முடியும். மகள் யார்?”

பிளாரன்ஸ் முன்னால் வந்து நின்றாள். கமிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

“திரும்பி நில் அம்மா” என்றார் காசிலிங்கம். திரும்பி நின்றாள். நால்வரும் பின்னந்தலையைக் குனிந்து பார்த்து, “அவளேதான்” என்று கையெழுத்துப் போட்டார்கள். வள்ளத்தை உரிமையாளர் முன்னிலையில் மட்டுமே கடலில் இறக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தார்கள். அதை என் கையாலேயே எழுதினேன். பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் அந்தக் கரையில் இல்லை. ஆனால் வாரியத்தின் முத்திரை இருந்ததே, யார் என்ன சொல்ல முடியும்?

திங்கட்கிழமை தோணி ஹென்றி இல்லாமல் புறப்பட்டது. தகரப்பெட்டியிலிருந்த உடுப்புகள் மூன்றாம் முறையாகக் கொடிக்கு வந்தன.

அந்த வாரமே படத்துக்கு டில்லியில் பரிசு அறிவித்தார்கள். முடிவுக்காகத்தான் பரிசு. அதனால் எந்த ஊரில் ஓட்டினாலும் நாற்பதாம் நிமிடத்தில் திரை விழ வேண்டும் என்று உத்தரவாயிற்று. அதைச் செய்யத் தெரிந்தவர் ரோச் ஒருவர்தான். புது வேட்டி கட்டி, பொருள் எண் 15ஐத் தோளில் போட்டுக்கொண்டு அவர் டில்லிக்கு ரயிலேறினார். “ஏளா, எங்கப்பனுக்குக் கயிறு பிடிக்கிறது இனி யாருன்னு அழாத. அது ஒரு வித்தையும் இல்ல. நீயும் மூச்ச அடக்கிக்கோ, அம்புட்டுத்தான்” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை. வள்ளத்தைக் கடலில் இறக்கினார்கள். உரிமையாளர் ஆஜரானதைக் குறித்துக்கொள்ள நானும் ஏறினேன். அதுதான் வாரியத்தில் என் கடைசி வேலை. கயிறு புதுசு. இழுக்க இரண்டு ஆட்கள் இருந்தார்கள். எப்போது இழுப்பது என்று சொல்கிறவள் பிளாரன்ஸ்.

ஹென்றி மூழ்கினார். பிளாரன்ஸ் மூச்சை அடக்கினாள். என் கடிகாரத்தில் இருபத்தாறு விநாடி.

“இழுங்க!”

வெறுங்கையோடு ஹென்றி மேலே வந்தார். மறுபடி மூழ்கினார். இருபத்தாறு விநாடியில் மறுபடி மேலே வந்தார். மூன்றாம் முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏளா, சங்குல கை வைக்க நேரத்துல இழுக்கியே! ஒரு நிமிசம் முழுசா விடு தாயி.”

“விட மாட்டேன்.”

“ஏன்?”

“ஒம்பது நிமிசம் விட்டவுகள பாத்தாச்சு” என்றாள் பிளாரன்ஸ். “எனக்கு முட்டும்போது உனக்கும் முட்டும். நான் இழுப்பேன்.”

ஹென்றி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலிருந்து மகளை அண்ணாந்து பார்த்தார். வரலாறு எதுவும் இல்லை, பாசம்தான் இருந்தது. பிளாரன்ஸ் சிரித்தாள். எல்லாம் சேர்ந்து பத்து விநாடிகூட இருக்காது. ஐந்தாம் விதிப்படி அது சுத்தமான வியாபாரப் படம்.

பிறகு அவர் மூழ்கினார். அவள் கன்னத்தை உப்பிக்கொண்டு கயிற்றில் கை வைத்தாள்.